கீறலுக்குக் கூலி

போடியிலிருந்து முந்தலுக்குப் போகிற சாலையில், மலை ஏறும் ஜீப்புகள் கடைசியாகக் காற்றுப் பிடிக்கும் இடத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. போர்டு கிடையாது. ஊரில் பாதி வண்டிகளுக்குப் பெயர் எழுதிய மொக்கச்சாமி தன் கொட்டகைக்கு மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டால், "முருகன் இருக்குற எடத்துக்கு யாரு போர்டு வச்சா?" என்பார். பெருமைப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். சோம்பலுக்குச் சாமியைத் துணைக்கு இழுக்கிற பேச்சு.

ராசிங்காபுரத்துக்காரர். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டதா, அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா என்பதில் இன்னும் தகராறு உண்டு. ஆனால் அவர் கைக்கு ஒரு படிப்பு இருந்தது. நசுங்கின தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்டைப் பீய்ச்சி அடித்து நிறுத்தினால் வண்டி பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது மாதிரி நிற்கும். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் உருண்ட ஜீப்பு ஒன்றை அப்படிச் செய்து நிறுத்தியபோது, சொந்தக்காரரே மூன்று சுற்றுச் சுற்றி வந்து, "என் வண்டி எங்கண்ணே?" என்று கேட்டார்.

மொக்கச்சாமிக்கு ஒரு பிடிவாதம். கீறலோடு ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பது, சாமிக்கு அழுகின பழம் வைப்பது மாதிரி. அவர் ஏறிப்போகிற மொபட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது இருபது வருடமாகத் துருப்பிடித்து, சீட்டு கிழிந்து, செயின் மூடியைக் கம்பி போட்டுக் கட்டி, வைத்தியர் வீட்டு நோயாளி மாதிரி கொட்டகை வாசலில் சாய்ந்து நிற்கும்.

வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூசைக்கு முன்னால், மலையில் பெரிய ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு முதலாளி வீட்டு ஜீப்புகள் எட்டும் அவரிடம் வரும். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டிகள். அந்த எட்டு வண்டி வேலைதான் வீட்டுக்கு அரிசி, மகள் முத்துப்பிரியாவின் நர்சு படிப்பு, தீபாவளி, எல்லாம். மற்ற மாதங்களில் வருவது மோருக்கு உப்பு.

ஆடி மாதம் அந்த முதலாளியின் மகன் லிங்கேஸ்வரன் கொட்டகைக்கு வந்து இறங்கினார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அலுத்துப்போய்த் திரும்பி வந்தவர். வந்ததும் தோட்டத்துக்குள் ஒரு லாட்ஜு கட்டினார். லாட்ஜு என்று சொன்னால் கோபம் வரும். புதுச் செங்கல்லில் சுவர் எழுப்பி, பூசின பூச்சை அங்கங்கே கொத்தி எடுத்துப் பழசாக்கியிருந்தார். புது மரத்தைச் சூடு வைத்துக் கறுக்கவிட்டிருந்தார். கூப்பிடு தூரத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் நிசமாகவே பழசு. அங்கே காரை உதிர்ந்த சுவரைப் பார்க்க யாரும் ரூம் போட்டு வந்ததில்லை.

லிங்கேஸ்வரன் கையில் ஒரு கிதார். கரண்டில் வாசிக்கிறது. தயிர் நிறத்தில், தொட்டால் வழுக்குகிற பளபளப்பு. பார்த்ததும் மொக்கச்சாமிக்கு மனசு நிறைந்துவிட்டது.

"என்னா பெயிண்டு தம்பி! எந்தக் கை அடிச்சுதோ, நல்லா இருக்கணும். இதுல எனக்கென்ன சோலி?"

"இதப் பழசாக்கணும்ணே."

மொக்கச்சாமி கம்ப்ரஸரை நிறுத்தினார். அந்த இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தார். நிறுத்தின பிறகும் அதேதான் கேட்டது.

லிங்கேஸ்வரன் போனில் ஒரு படம் காட்டினார். அதிலும் ஒரு கிதார். முழங்கை படுகிற இடத்தில் பெயிண்டு போய் மரம் தெரிந்தது. முதுகெல்லாம் பெல்ட்டு கொக்கி உரசின தழும்பு. திருகாணியில் துரு. தலையில் சிகரெட் வைத்துச் சுட்ட கறுப்பு.

"அறுவது வருசம் மேடை மேடையா வாசிச்ச மாதிரி இருக்கு பாத்தீங்களா? ஆனா இது போன வருசம் செஞ்சதுண்ணே. வெளிநாட்டுல கம்பெனியே இப்படிப் பழசாக்கி விக்கிறான். புதுச விட ரெண்டு பங்கு வெல. பளபளன்னு வச்சிருந்தா நேத்துக் கத்துக்கிட்டவன்னு நெனப்பாங்க."

"தம்பி எப்பக் கத்துக்கிட்டீக?"

"போன வருசம்."

"அப்ப அறுவது வருசம் வாசிச்சாத் தானாப் பழசாயிருமே தம்பி."

"அதுவரைக்கும் யாருண்ணே காத்திருப்பா? பொரட்டாசில லாட்… தங்குற எடம் தெறக்குறேன். பெரிய பெரிய ஆளுக வர்றாங்க."

பேசிக்கொண்டே வந்தவர் கண்ணில் வாசலில் நின்ற மொபட்டு பட்டது. பக்கத்தில் போய், அதன் துருவைக் கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரித் தடவினார். "அண்ணே! இதுதான்! இந்த மாதிரி வேணும். யாரு செஞ்சது?"

"மழை செஞ்சது தம்பி."

சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினவர், ஏறின வாக்கில் சொன்னார்: "நல்லா வந்துச்சுன்னா எட்டு ஜீப்பும் வழக்கம்போல ஒங்ககிட்டத்தான். இல்லைன்னா தேனியில ஒரு பெயிண்டு செட்டுல பேசியிருக்கேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டு ஜீப்பும் மொக்கச்சாமியின் வயிற்றுக்குள் நின்று உறுமின.

ஏலக்காய் ஊரில் பிறந்தவருக்கு இது பிடிபடவே இல்லை. போடியில் காய் என்றால் பச்சையாக இருக்க வேண்டும். வெளுத்தால் விலை இல்லை. வெளுத்த பழங்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கிறவனை ஊரே காறித் துப்பும். புதுசுக்குப் பழஞ்சாயம் ஏற்றுகிறவனுக்கோ ரெண்டு பங்கு விலையாம். ரெண்டும் சாயந்தானே? ஒருத்தனுக்கு ஏச்சு, ஒருத்தனுக்கு மாலை. சாமி இதை எந்தப் பேரேட்டில் எழுதுமோ.

இருந்தாலும் கையில் எடுத்தார். முருகனைக் கும்பிட்டு, ஆணியை வைத்து ஒரு கீறல் இழுத்தார். கோடு நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. கைப்பழக்கம். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அடுத்த நொடி, கேட்காமலே வலது கை பட்டி எடுத்துப் பூசியது, இடது கை உப்புத்தாளைத் தேடியது. சாயங்காலம் பார்த்தால் கிதார் கடையில் இருந்ததை விட வழுவழுப்பாக இருந்தது. மறுநாள் முழங்கை இடத்தைச் சுரண்டினார். அதற்கு மறுநாள் அதையும் மூடி, மெழுகு போட்டு மினுக்கிவிட்டார். மூன்றாம் நாள் அவர் முகமே அதில் தெரிந்தது. கவலையில் தாடி வளர்ந்த முகம்.

எதிரே காற்றுப் பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் பாண்டியராஜ் இந்தக் கூத்தை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த எட்டு ஜீப்பில் ஒன்றை ஓட்டுகிறவன்.

"அண்ணே, ஒங்களுக்கு அழிக்கத்தான் தெரியும், ஆக்கத் தெரியாது. கொண்டாங்க அத. என் வண்டியில போட்டு விடுறேன். ரெண்டு மாசம் எங்க பொம்பளையாளுக கூட மலை ஏறி எறங்கட்டும். எங்க பாட்டன விடக் கெழடாயிரும்."

அப்படித்தான் கிதார் தோட்ட வேலைக்குப் போனது.

முதல் நாள் ஜீப்பில் அதைப் பார்த்தவள் பேச்சி. காய் எடுக்கிறதில் கெட்டிக்காரி. வாயிலும்தான்.

"இதென்ன பாண்டி, ஊறவச்ச வீணையா? இம்புட்டு வெளுப்பா இருக்கு?"

"கிதாரு அத்தே. மொக்கச்சாமி அண்ணன் குடுத்துச்சு. அது பாட்டுக்குக் கெடக்கட்டும், ஒண்ணும் பாக்காதீக."

முந்தல் அடிவாரத்துக் கோயிலில் வண்டி நின்றது. மலை ஏறுகிற எதுவும் பொட்டில்லாமல் ஏறக் கூடாது என்பது அந்த ஜீப்புக்காரர்கள் வழக்கம். ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு, கண்ணாடிக்கு ஒன்று, டயருக்கு ஒன்று. பேச்சி அதோடு நிற்காமல் கிதாரின் நெற்றியிலும் ஒன்று வைத்தாள். "வாத்தியம்னா சரசுவதி. மூளியா ஏத்தப்படாது" என்றாள். தினமும் வைத்தாள். குங்குமம் தண்ணீரோடு சேர்ந்து மரத்துக்குள் இறங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை கொட்டுகிற மழை. வெளியே கற்பூரம் ஏற்ற முடியாமல், ஜீப்புக்குள்ளேயே, கைக்கு எட்டிய தட்டையான இடத்தில் பாண்டியராஜ் ஏற்றினான். அந்த இடம் கிதாரின் தலை.

மற்றபடி யாரும் அதை ஒன்றும் செய்யவில்லை. வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். மடியில் குறுக்கே கிடத்தி அதன் மேல் தூக்குவாளியை வைத்தார்கள். சூடு பட்டு வட்டம் வட்டமாகத் தடம் விழுந்தது. பேச்சிக்குப் பக்கத்தில் உட்காருகிற ராமுத்தாயின் வளையல் வளைவுக்கு வளைவு உரசியது. ஏலச்செடிப் பால் பட்டுக் கறுத்த கைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளத்தில் குலுங்கின. மேலே வேலைக்கு நின்ற ஒரு மலையாளத்துச் சேச்சி ஒரு நாள் கம்பியைச் சுண்டிப் பார்த்து, "சத்தமே இல்லா" என்று முகத்தைச் சுளித்தாள். கரண்டு இல்லாமல் அது எங்கே பேசும்?

புரட்டாசி பிறந்ததும் லிங்கேஸ்வரன் வந்தார். இந்தத் தடவை புத்தம் புது ஜீப்பு, மிளகாய்ப் பழச் சிவப்பு. வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மொக்கச்சாமி கிதாரைத் துணியால் துடைத்து, கையில் பிள்ளையைக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்தார். அவருக்கே அதன் மேல் ஒரு பாசம் வந்திருந்தது.

லிங்கேஸ்வரன் போன் படத்தையும் கிதாரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"என்னண்ணே இது? முழங்கை எடத்துல தேயவே இல்ல. நடுவுல தேஞ்சிருக்கு."

"வாசிச்சாத்தான தம்பி முழங்கை படும். இதுல சோறுல்ல தின்னாங்க."

"இந்த வட்டம்?"

"தூக்குவாளி."

"படத்துல எங்க வட்டம் இருக்கு? பொட்டு இருக்கா? தலையில சிகரெட் சூடு கேட்டா…"

"கற்பூரம் தம்பி. சிகரெட்ட விட அது விசேசம்."

"அண்ணே, ஒண்ணுமே நெசம் மாதிரி இல்லண்ணே! பாத்தவொடனே பொய்யின்னு தெரியுது!"

மொக்கச்சாமி துடைத்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ரெண்டு மாதம் பாண்டியராஜின் ஜீப்புக்குள் நடந்ததில் பொய் ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்தப் படத்தில் இருந்ததில் நிசம் ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆனால் கேட்கிறவர் முதலாளி.

"போச்சு. தேனிக்கே ஜீப்ப அனுப்பிர வேண்டியதுதான்" என்று சொல்லி, வந்த கோபத்தில் லிங்கேஸ்வரன் கிதாரை ஜீப்பின் முன்மூடி மேல் சொத்தென்று வைத்தார். முன்மூடி சரிவு. கிதார் மெல்லப் புறப்பட்டது. மலை இறங்குகிற வண்டி மாதிரி வேகம் பிடித்தது. வார் மாட்டுகிற இரும்புக் குமிழ் அடியில் மாட்டி, மிளகாய்ப் பழச் சிவப்பில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டே போய் அவர் கையில் விழுந்தது.

லிங்கேஸ்வரன் அலறின அலறலில் காற்றுப் பிடிக்கிற கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"ஐயோ! ஐயோ! பத்து நாள் வண்டிண்ணே! எங்கப்பா பாத்தாருன்னா தொலைச்சிருவாரு!"

மொக்கச்சாமி குனிந்து கோட்டைப் பார்த்தார். நல்ல கோடு. வளைந்து நெளிந்து, அவர் கைக்கு ஒரு நாளும் வராத கோடு.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார் சாந்தமாக. "அறுவது வருசம் ஓட்டுன மாதிரி."

எதிரே நின்ற பாண்டியராஜ் தன் வண்டி டயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"அண்ணே, வெளையாடாதீங்க. அழிச்சிருங்கண்ணே. வெரசா. சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போகணும்."

அழித்துக் கொடுத்தார். அதுதானே அவருக்குத் தெரிந்த வேலை. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் எட்டு ஜீப்பைப் பற்றிப் பேச்செடுத்திருப்பார்கள். இவர் எடுக்கவில்லை. கை சுத்தமாக இருக்கும்போது வாய் அழுக்காகக் கூடாது என்பது அவர் எண்ணம். சாயங்காலம் லிங்கேஸ்வரன் முன்மூடியில் விரலை வைத்து மூன்று தடவை தடவினார். கோடு எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "ஜீப்பு வெசயம் பாத்துச் சொல்றேண்ணே" என்று மட்டும் சொல்லி, கிதாரைப் பின்சீட்டில் எறிந்துகொண்டு போனார்.

பாத்துச் சொல்றேன் என்பது பணக்கார வீட்டுப் பாஷையில் இல்லை என்பதற்குச் சமம். மொக்கச்சாமி அன்றைக்கு வீட்டில் சோறு வேண்டாம் என்றார். அவர் மனைவி அமுதவள்ளி, "ஆறு மாசத்துக்குப் பின்னாடி அரிசி இல்லாம வேணாம்னு சொல்றதுக்கு இப்பவே பழகிக்கிறீகளாக்கும்" என்று சொல்லித் தட்டை முன்னால் வைத்தாள்.

லாட்ஜு திறப்பன்று அவருக்கு ஆள் வந்தது. வாசல் கேட்டில் பெயிண்டு உரிந்திருக்கிறதாம். இது வேண்டாத உரிசல், உடனே வந்து மூட வேண்டுமாம். பாண்டியராஜின் ஜீப்பிலேயே, காய் எடுக்கிற பெண்களோடு இடித்துக்கொண்டு மலை ஏறினார். கேட்டை முடித்துக் கை கழுவ உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

நடுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே ஒரு விளக்கு எரிய, பொய்யென்று பின்சீட்டில் எறிந்துபோன அதே கிதார் இருந்தது. குங்குமம், கற்பூரச் சூடு, தூக்குவாளி வட்டம், எல்லாம் அப்படியே. எதிரே ஏழெட்டு விருந்தாளிகள். லிங்கேஸ்வரன் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க தாத்தாவோடது. அறுவது வருசத்துக்கு முன்னாடி இந்த மலையில வாசிச்சது. அப்ப இங்க ரோடே கிடையாது."

அவர் தாத்தாவை மொக்கச்சாமிக்குத் தெரியும். ஏலக்காய்த் தராசின் முள்ளைத் தவிர வேறு எதன் மேலும் அவர் விரல் வைத்ததில்லை. அதை வாசிப்பதில் மட்டும் பெரிய வித்துவான்.

தாடி வைத்த ஒரு விருந்தாளி, மெட்ராஸ்காரர், கண் கலங்கி நின்றார். கையில் பெயிண்டுக் கறையோடு நின்ற மொக்கச்சாமியைப் பார்த்ததும், இந்த ஆள் மண்ணின் மைந்தன் என்று நினைத்தாரோ என்னவோ, "ஐயா, நீங்க இந்த ஊரா? இத முன்னாடி பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

லிங்கேஸ்வரன் முகம் சாயம் போன காயாக வெளுத்தது. கண்ணாலேயே கெஞ்சினார். கண்ணாலேயே எட்டு ஜீப்பையும் வரிசையாக நிறுத்திக் காட்டினார். முருகா, பொய்யும் வேண்டாம், சோற்றில் மண்ணும் வேண்டாம் என்று மொக்கச்சாமி உள்ளுக்குள் கும்பிட்டார். அப்புறம் வாயைத் திறந்தார்.

"பாத்திருக்கேன்யா. அதுல இருக்குற ஒவ்வொரு கீறலும் நெசம். யாரு போட்டதுன்னு பேரு சொல்லவா? அந்தக் கோடு ராமுத்தாயி வளையல். பொட்டு பேச்சி வச்சது. வட்டம் ரெண்டு பேருக்கும் பொது. கறுப்புக் கை அடையாளம் ஏலச்செடிப் பாலு."

விருந்தாளிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். லிங்கேஸ்வரனுக்கு உயிர் திரும்பி வந்தது. பேச்சியும் ராமுத்தாயும் எந்தக் காலத்துக் கொள்ளுப்பாட்டிகளோ என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அதோடு விட்டிருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும். தாடிக்காரர் விடவில்லை.

"எப்பேர்ப்பட்ட மனுசங்க! அவங்கல்லாம் எப்ப வாழ்ந்தாங்க ஐயா?"

"காலையில ஏழரை மணி ஜீப்புல வந்தாங்க. மேக்காட்டுல காய் எடுத்துக்கிட்டிருக்காங்க. கூப்பிடவா?"

கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. குடிதண்ணீர் கேட்டுக் கொல்லை வழியாக வந்த பேச்சி, இடுப்பில் காய்ப் பையோடு கூடத்தை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் தோட்டமே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"அடியே ராமுத்தாயி! இங்க வந்து பாருடி! நம்ம சோத்துப் பலகைய கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சு வெளக்குப் போட்டிருக்காங்கடி!"

அதன் பிறகு அங்கே யார் என்ன பேசினார்கள் என்று மொக்கச்சாமிக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கிடைத்த முதல் ஜீப்பில் இறங்கிவிட்டார். பதினேழு வளைவிலும் ஒவ்வொரு ஜீப்பாகக் கையை விட்டுப் போவது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அமுதவள்ளியிடம் சொன்னார். அவள், "பொய் சொல்லியிருந்தா இன்னைக்குச் சாமி ரூமுக்குள்ள போயிருப்பீகளா?" என்றாள். "மாட்டேன்." "அப்பறம் என்ன, குளிச்சிட்டு வாங்க."

நாலாம் நாள் காலையில் கொட்டகையைத் திறக்கப் போனால், சாலையோரம் எட்டு ஜீப்பும் வரிசையாக நின்றன. முதல் வண்டியில் பாண்டியராஜ் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏறிப் பின்னாடி பாருங்கண்ணே."

பின்சீட்டில் மூன்று கிதார். புத்தம் புதுசு. உறை பிரிக்காதது.

"அந்தத் தாடிக்காரரு விழுந்துட்டாரு. எனக்கும் அதே மாதிரி வேணுங்குறாரு. கூட இன்னும் ரெண்டு பேரு. சின்ன மொதலாளி சொல்லி விட்டுருக்காரு, அதே ஜீப்பு, அதே பொம்பளையாளுக. பொட்டு கண்டிப்பா வேணுமாம். வட்டம் நாலுக்குக் கொறையக் கூடாதாம்."

மொக்கச்சாமி வானத்தைப் பார்த்தார். பொய் பிடிபட்டால் வெட்கப்படுவார்கள் என்று அவர் இத்தனை வயது வரைக்கும் நம்பியிருந்தார். இவர்கள் ஆர்டர் கொடுக்கிறார்கள்.

லிங்கேஸ்வரனுக்குப் போன் போட்டார். முதலாளி வீட்டுக்கு அவராகப் போன் போட்டது அதுதான் முதல் தடவை.

"தம்பி, ஜீப்பு வேலைக்கு என் கூலி. கீறலுக்கு அந்தப் பொம்பளையாளுக கூலி. அத அவுக கையிலயே குடுத்துரணும். சரின்னா ஏத்துறேன்."

அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தது. பிறகு சரி என்றது.

விஷயம் தெரிந்ததும் பேச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "பொட்டுக்குத் தனி, கற்பூரத்துக்குத் தனி" என்றாள். பிறகு ஏலப்பால் ஏறிக் கறுத்து, வெடித்துப்போன தன் உள்ளங்கையை நீட்டி, "இதுல முப்பது வருசத்துக் கீறல் இருக்கு பாண்டி. இதுக்கு அந்தத் தாடிக்காரரு எம்புட்டுத் தருவாரு, கேட்டுச் சொல்லேன்" என்றாள். ஜீப்பே சிரித்தது. மொக்கச்சாமியால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

மறுவாரம் ஒரு காலை, முதல் ஜீப்பை மினுக்கிக்கொண்டிருந்தவர் எதிரே நின்ற வண்டிக்குள் பார்த்தார். மடியில் புதுக் கிதாரைக் கிடத்தி, பேச்சி தூக்குவாளியைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் வளையலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே இழுப்பது என்று யோசித்தாள்.

"கொஞ்சம் வெலகுடி. வட்டம் கோணலா விழுந்தா கூலிய வெட்டிருவாக."

அட, இதுவும் பொய்யாகிப் போச்சே என்று மொக்கச்சாமி வாய்விட்டுச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஜீப்பின் கதவில் யாரும் கேட்காமல் தானாக விழுந்திருந்த கீறல் ஒன்றைத் தேய்க்கத் தொடங்கினார்.